டெங்காலியில் யார் யாரைச் சகித்தார்கள்?

எங்கள் தெருவில் மாயாவி விளையாட்டுக்கு ஒரு விதி இருந்தது. யாரிடம் புது ராணி காமிக்ஸ் இருக்கிறதோ, அன்றைக்கு அவன்தான் முகமூடி வீரர் மாயாவி. சோடா மூடியை நசுக்கி, ஆணியால் மண்டை ஓடு கீறி, நூல் கோத்து விரலில் கட்டிக்கொள்வான். குதிரைக்கு வாடகை சைக்கிள். ஓநாய்க்குத் தெருநாய். புத்தகம் கைமாறும்போது மாயாவியும் மாறுவான். நானும் பலமுறை மாயாவியாக இருந்திருக்கிறேன். என் கறுப்புத் தோல் அந்த வேஷத்துக்குத் தடையாக இருந்ததே இல்லை. ஒரு வெள்ளைக்காரனாக நடிக்கிறோம் என்றுகூட அப்போது தோன்றியதில்லை.

மாண்ட்ரேக் விளையாட்டு வேறு மாதிரி. அதில் மாண்ட்ரேக் மாறுவான், லொதார் மாறமாட்டான். எங்களில் மிகவும் கறுப்பானவன், கொஞ்சம் வாட்டசாட்டமானவன், அவன்தான் எப்போதும் லொதார். கண்மாய்க்கரைக்கு அந்தப் பக்கம் காலனியிலிருந்து வருவான். மாயாவியாக யாருக்கும் நிறம் தேவைப்படவில்லை. லொதாராக மட்டும் தேவைப்பட்டது. அவனை நாங்கள் பள்ளிக்கூடத்திலும் அந்தப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டோம். வாத்தியார் ஒருவரும் கூப்பிட்டார்.

1990களின் தொடக்கம். கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். முத்து காமிக்ஸும் லயன் காமிக்ஸும் வெளியாகிற சிவகாசி ஒரு மணி நேரப் பஸ் தூரம்தான். அவன் எங்கள் தெருவுக்கு வருவான். நாங்கள் அவன் தெருவுக்குப் போனதில்லை. விளையாடிக் களைத்தால் எங்களுக்கு வீட்டுக்குள் தண்ணீர். அவனுக்கு வாசற்படியில், ஒதுக்கிவைத்த ஒரு சொம்பில். ஒருநாள் அது ஏன் என்று கேட்டதற்கு ஆச்சி சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: "நம்ம தெருவுக்குள்ள வந்து வெளையாட விட்டிருக்கோம்லா? அதுக்கு மேல என்னடா வேணும்?"

ஆச்சி கொடுமைக்காரி இல்லை. அவனுக்குப் பசிக்கும் என்று பார்த்துப் பார்த்து முறுக்கு கொடுப்பாள். தன்னைப் பற்றி அவள் வைத்திருந்த எண்ணம், தான் பெருந்தன்மையானவள் என்பதுதான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்யாண வீட்டில் அவனைப் பார்த்தேன். பேச்சு பழைய கதைக்குத் திரும்பியது. அவன் மகன் காமிக்ஸ் வாசகனாம், மறுபதிப்புகளைத் தபாலில் வரவழைத்துப் படிக்கிறானாம். பந்திக்குக் காத்திருந்தபோது சாதாரணமாகக் கேட்டான்: "லொதாரு ஒரு ராசாவாம்லா? ஏழு நாட்டுக்கு இளவரசனாம். எம் மவன் சொல்லுதான். அப்பம் நீங்க யாருமே எங்கிட்ட அதச் சொல்லலையே?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டான். என்னிடம் பதில் இல்லை. அதற்குப் பிறகுதான் பெட்டியை இறக்கி, பழைய புத்தகங்களைத் திரும்பப் படிக்க ஆரம்பித்தேன். சிறுவயதில் படித்த படக்கதைகள் எனக்கு எந்த மாதிரியான சகிப்புத்தன்மையைக் கற்றுக்கொடுத்தன? அந்தப் பாடத்தை இன்றைய அரசியல் பேச்சில் எங்கெல்லாம் கேட்கிறேன்? இந்தக் கட்டுரை அந்த வாசிப்பின் கணக்கு.

*

முதலில் மாயாவி. லீ ஃபாக் 1936இல் தொடங்கிய ஃபாண்டம். ராணி காமிக்ஸில் அவர் மாயாவி. எங்கள் மாமாவின் டிரங்குப் பெட்டியில் இன்னொரு அடுக்கு இருந்தது: இந்திரஜால் காமிக்ஸ். டைம்ஸ் ஆஃப் இந்தியா குழுமம் 1964 மார்ச்சில் தொடங்கி 1990 வரை நடத்திய வரிசை. மாமா அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஆங்கிலம் கற்றுக்கொண்டது அந்த இதழ்களில்தான். அவற்றில் மாயாவியின் நாட்டுக்குப் பெயர் டெங்காலி.

உலகம் முழுக்க இந்தக் கதையைப் படித்தவர்களுக்கு டெங்காலி என்றால் தெரியாது. லீ ஃபாக் வைத்த பெயர் பெங்காலா. மாயாவியின் பரம்பரை எதிரிகளான கடற்கொள்ளைக் கூட்டத்துக்கு அவர் வைத்த பெயர் சிங். தொடக்கத்தில் இந்தக் கதை ஆசியாவில் எங்கோ நடப்பதுபோலத்தான் இருந்தது. பெயர்களில் அதன் தடம் இருக்கிறது. பிறகு காடும் நாடும் ஆப்பிரிக்காவுக்கு இடம்பெயர்ந்தன. இந்தியப் பதிப்பாளர்களுக்கு இது சங்கடம். பெங்காலா என்றால் வங்காளம் என்று படும். சிங் என்ற பெயரில் ஒரு கூட்டம் தலைமுறை தலைமுறையாகக் கொள்ளையடிக்கிறது என்றால் இங்கே யார் பொறுப்பார்கள்? ஆகவே பெங்காலா டெங்காலி ஆனது. சிங் சிங்கா ஆனது. ஓரிரு எழுத்துகளை மாற்றியதில் இந்தியர் மீதிருந்த இழுக்கு போய்விட்டது.

மாற்றியது சரிதான், அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் திருத்திய கை எதைத் தொட்டது, எதைத் தாண்டிப் போனது என்று பார்க்க வேண்டும். ஈட்டியும் இலையாடையுமாக மரத்தடியில் நிற்கும் கறுப்பு மனிதர்கள் அப்படியே இருந்தார்கள். முரசொலிக்குக் காத்திருக்கும் கிராமங்கள், மந்திரவாதிக்கு நடுங்கும் தலைவர்கள் எல்லாம் அப்படியே. மாயாவியின் நெருங்கிய கூட்டாளிகளான குள்ளர் இனத்துக்குப் பந்தர் என்று பெயர். இந்தியில் அது குரங்கைக் குறிக்கும் சொல். சிங் காதில் குத்தியது. பந்தர் குத்தவில்லை.

எனக்கு இது ஒரு பதிப்பக நிகழ்வாக மட்டும் படவில்லை. நம்முடைய பொதுவாழ்வில் சகிப்பின்மை பற்றி எழும் கோபத்தில் பெரும்பகுதி இந்த வகைதான் என்று நினைக்கிறேன். நம் பெயர் வருகிற இடத்தில் மட்டும் ஒரு எழுத்தை மாற்றச் சொல்கிற கோபம்.

மாயாவியின் ஆட்சிமுறையையும் கவனிக்க வேண்டும். 1536இல் கொள்ளையர்களிடமிருந்து தப்பிக் கரையொதுங்கிய ஒரு வெள்ளையன், பந்தர் மக்களால் காப்பாற்றப்படுகிறான். மண்டை ஓட்டின் மீது சத்தியம் செய்கிறான். வேறொரு இனத்திடம் அடிமைப்பட்டிருந்த அவர்களை விடுவிக்கிறான். அவன் மகன், அவன் பேரன் என்று இருபத்தோரு தலைமுறை. காட்டு மக்களோ இது ஒரே ஆள், சாவே இல்லாதவர் என்று நம்புகிறார்கள். அவர் வரி வாங்குவதில்லை, பொன் வெட்டி எடுப்பதில்லை, அடிமை வியாபாரத்துக்கு எதிரி. காலனி ஆதிக்கக்காரர் என்று எளிதில் வசைபாட முடியாது. அதுதான் சிக்கல். அவர் நல்லவர். அவர் நல்லவராக இருப்பதால் அவரை யாரும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. இனங்களுக்கு இடையே சண்டை வராமல் இருப்பது அவர்களுக்குள் ஒப்பந்தம் பேசத் தெரிந்ததால் அல்ல. மேலே ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பதால். அந்தச் சமாதானத்தின் அடித்தளம் ஒரு பொய்: ஒரே மனிதர், சாகாதவர்.

லீ ஃபாக் காலத்தோடு நகர்ந்தவர்தான், அதையும் சொல்ல வேண்டும். ஆப்பிரிக்க நாடுகள் வரிசையாக விடுதலை பெற்ற பிறகு வந்த கதைகளில் லமாண்டா லுவாகா என்ற கறுப்பின ஜனாதிபதி வருகிறார். தேர்தலில் வென்றவர். ராணுவத் தளபதி பபாபு ஆட்சியைப் பிடிக்கப் பார்க்கும்போது மாயாவி ஜனநாயகத்தின் பக்கம் நிற்கிறார். 1960களில் ஒரு அமெரிக்கச் செய்தித்தாள் படக்கதைக்கு இது சின்ன விஷயமில்லை. ஆனாலும் தலைநகரில் வாக்குப்பெட்டி, காட்டில் மண்டை ஓட்டுச் சிம்மாசனம். வனக்காவல் படையின் முகம் தெரியாத தளபதியும் மாயாவிதான். நாற்காலி காலியாவதே இல்லை.

தேர்தல் மேடைகளில் 'சிறுபான்மை மக்களுக்கு நாங்கள்தான் காவலர்கள்', 'எங்கள் ஆட்சியில் அவர்கள் பத்திரமாக இருக்கிறார்கள்' என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குகைதான் ஞாபகம் வருகிறது. எந்தக் கட்சி என்பது முக்கியமில்லை. எல்லா மேடையிலும் கேட்டிருக்கிறேன். காவலர் நல்லவராக இருக்கும்வரை சரி. அவர் மனம் மாறினால்? காக்கப்படுகிறவர் எங்கே போய்க் கேட்பார்? நம் அரசியல் சட்டம் இந்த மொழியில் பேசவில்லை. அதன் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழிக்கிறது. ஒதுக்கப்பட்டவரைப் பெருந்தன்மையோடு சகித்துக்கொள் என்று கேட்கவில்லை. ஆச்சியின் சொம்புக்கும் அந்தப் பிரிவுக்கும் இடையிலான தூரம்தான் சகிப்புக்கும் உரிமைக்கும் இடையிலான தூரம்.

*

இனி லொதார். மாண்ட்ரேக்கும் லீ ஃபாக்கின் படைப்புதான், 1934இல் தொடங்கியது. அமெரிக்கச் செய்தித்தாள் தொடர்களில் நிரந்தர வீரனாக இடம்பிடித்த முதல் கறுப்பினப் பாத்திரங்களில் ஒருவன் என்று லொதாரைச் சொல்வதுண்டு. முதல் ஆண்டுகளின் லொதாரைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கும். சிறுத்தைத்தோல், தலையில் துருக்கித் தொப்பி, உடைந்த ஆங்கிலம். மந்திரவாதி கோட்டும் உயரத் தொப்பியுமாக முன்னால் நடக்க, இவன் பின்னால் வருவான். ஓவியர் ஃபில் டேவிஸ் மறைந்து, 1965இல் ஃபிரெட் ஃபிரெடரிக்ஸ் பொறுப்பேற்ற பிறகு லொதார் மாறுகிறான். சரளமாகப் பேசுகிறான். உடை மாறுகிறது. வேலைக்காரன் நண்பனாகிறான். அமெரிக்காவில் குடியுரிமைச் சட்டம் வந்தது 1964. தெருவில் நடந்த போராட்டம் படக்கதையின் தையற்காரரையும் எட்டியது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் லொதார் இளவரசன் என்பது பிறகு சேர்த்த மரியாதை அல்ல. கதையின்படி அவன் ஏழு நாடுகளின் இளவரசன். அரியணையை விட்டுவிட்டு மாண்ட்ரேக்கோடு வந்தவன். அது கதையிலேயே இருக்கிறது. சிறுத்தைத்தோல் உடுத்தியிருந்த லொதாரும் இளவரசன்தான். எழுத்தில் அரசன், படத்தில் ஏவலாள். பிள்ளைகள் முதலில் படிப்பது படத்தைத்தான்.

லொதார் விட்டுவந்த ஏழு நாடுகள் என்ன ஆயின? அவர்கள் அரசன் ஏன் ஒரு மந்திரவாதியின் வாசலில் நிற்கிறான் என்று யாராவது தேடி வந்தார்களா? சிறுவயதில் எனக்கு இந்தக் கேள்வி ஒருதடவைகூட எழவில்லை. மாண்ட்ரேக்கோடு இருப்பதைவிட ஏழு நாட்டை ஆள்வது பெரிது என்று எனக்குத் தோன்றவே இல்லை. இதுதான் இந்த வகை நட்பின் தந்திரம். வலியவன் பக்கத்தில் இடம் கிடைத்ததே பெரும்பேறு என்று நம்மை நினைக்கவைக்கிறது. அரசியலில் இதை 'பிரதிநிதித்துவம்' என்று அழைக்கிறோம். மேடையில் எல்லாச் சமூகத்துக்கும் ஒரு நாற்காலி போட்டு, புகைப்படம் எடுத்து, ஒலிபெருக்கியை மட்டும் ஒரே ஆளிடம் கொடுப்பது. நாற்காலி இருப்பது இல்லாததைவிட மேல், மறுக்கவில்லை. ஆனால் லொதார் தலைமையில் மாண்ட்ரேக் பின்னால் வரும் கதையைக் கற்பனை செய்ய முடியாதவரை அந்த நட்பைச் சமத்துவம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

*

டெக்ஸ் வில்லர் கொஞ்சம் சிக்கலான ஆள். லயன் காமிக்ஸ் வாசகர்களிடம் அவரைப் பற்றிக் குறை சொன்னால் அடி விழும். எனக்கும் அவர் மீது ஆசை குறையவில்லை. 1948இல் இத்தாலியில் ஜியான் லூய்ஜி பொனெல்லி எழுத, அவுரேலியோ கல்லெப்பினி வரைய உருவானவர். வெள்ளைக்கார ரேஞ்சர். நவஹோ தலைவரின் மகள் லிலித்தை மணக்கிறார். பிறகு அந்த இனத்துக்கே தலைவராகிறார். பெயர் இரவுக் கழுகு. கூடவே டைகர் என்ற நவஹோ வீரன். செவ்விந்தியரைச் சுட்டுத் தள்ளுவதே வீரம் என்று ஹாலிவுட் கௌபாய் படங்கள் காட்டிக்கொண்டிருந்த காலத்தில், அவர்களின் நிலத்தைப் பிடுங்கும் வணிகர்களையும் ராணுவ அதிகாரிகளையும் எதிர்த்து நின்ற ஒரு கௌபாயை இத்தாலியர்கள் உருவாக்கினார்கள். செவ்விந்தியர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு என்பதை நான் முதலில் தெரிந்துகொண்டது பாடப்புத்தகத்தில் இல்லை, டெக்ஸ் கதையில்.

அந்தக் கதைகளில் டெக்ஸின் உயிர்த்தோழர் கிட் கார்சன். வெள்ளிமுடியார். புலம்பிக்கொண்டே வறுவல் தின்கிற, எனக்கு மிகவும் பிடித்த கிழவர். வளர்ந்த பிறகுதான் கிட் கார்சன் என்று ஒருவர் நிஜமாகவே இருந்தார் என்று படித்தேன். 1863-64இல் அமெரிக்க ராணுவத்துக்காக நவஹோ மக்கள் மீது போர் நடத்தியவர் அவர். பயிரை எரித்தார்கள், மந்தைகளை அழித்தார்கள், கன்யான் டி ஷெல்லி பள்ளத்தாக்கில் பீச் மரத்தோப்புகளை வெட்டினார்கள். பட்டினியால் சரணடைந்த ஆயிரக்கணக்கானோரை நூற்றுக்கணக்கான மைல் நடக்கவைத்து பாஸ்க் ரெடாண்டோ என்ற பொட்டல் முகாமில் அடைத்தார்கள். நெடுநடை என்று அந்த மக்கள் இன்றும் சொல்வது இதைத்தான். 1868இல் உடன்படிக்கை ஏற்பட்ட பிறகே ஊர் திரும்ப முடிந்தது.

நிஜத்தில் நவஹோக்களை விரட்டிய மனிதரின் பெயர், கதையில் நவஹோ தலைவரின் தோழருக்கு. பொனெல்லி ஏமாற்ற நினைத்தார் என்று நான் சொல்லவில்லை. 'நடந்தது வேறு மாதிரி நடந்திருக்கக் கூடாதா' என்ற ஏக்கம் அதில் இருக்கிறது. நல்ல ஏக்கம். ஆனால் அந்த ஏக்கம் யாருடையது என்று பார்த்தால், எரித்தவர்களின் பக்கத்து ஏக்கம். தங்களில் ஒரு நல்லவர் அங்கே இருந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்ற ஆறுதல். நவஹோக்களின் தலைமைக்கு ஒரு நவஹோவே போதாது என்பது அந்த ஆறுதலுக்குக் கொடுக்கும் விலை. சேரி மக்களை ஒரு மேல்சாதி நாயகன் வந்து காக்கும் தமிழ்ப் படங்களைக் கைதட்டிப் பார்த்து வளர்ந்த நமக்கு இந்தக் கதைக்கட்டு புதிதே இல்லை. அதனால்தான் டெக்ஸ் நமக்கு அவ்வளவு எளிதாக ஒட்டிக்கொண்டார் என்று தோன்றுகிறது.

*

காவலர், நண்பர், தத்துத் தலைவர். மூன்றும் மூன்று தினுசான சகிப்பு. மூன்றிலும் பார்க்கிற கண் ஒருவருடையதுதான். இதற்கு மாறான ஒரு படக்கதையை நான் நாற்பதை நெருங்கும்போதுதான் படித்தேன். சிறுவயதில் கையில் கிடைத்திருக்கக் கூடாதா என்று ஏங்கவைத்தது.

'ஜட்ஜ்மென்ட் டே', தீர்ப்பு நாள். 1953இல் ஈசி காமிக்ஸ் நிறுவனத்தின் 'வியர்ட் ஃபேன்டசி' இதழில் வந்தது. எழுத்து அல் ஃபெல்ட்ஸ்டீன், ஓவியம் ஜோ ஆர்லாண்டோ. ஒருசில பக்கங்கள்தான். ரோபோக்கள் வாழும் ஒரு கிரகத்துக்குப் பூமியிலிருந்து ஒரு விண்வெளிப் பரிசோதகர் வருகிறார். அந்தக் கிரகம் விண்மீன் குடியரசில் சேரத் தகுதி பெற்றுவிட்டதா என்று பார்ப்பது அவர் வேலை. அங்கே ஆரஞ்சு ரோபோக்கள், நீல ரோபோக்கள். உள்ளே ஒரே கம்பி, ஒரே சக்கரம். மேலுறை மட்டும்தான் வேறு. ஆனால் நீலத்துக்கு ஊருக்கு வெளியே குடியிருப்பு, பஸ்ஸில் பின்வரிசை, கீழான வேலை. பரிசோதகர் தகுதி இல்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறார். கடைசிக் கட்டத்தில் விண்கலத்துக்குள் தலைக்கவசத்தைக் கழற்றுகிறார். அவர் கறுப்பர். வியர்வைத் துளிகள் மின்னுகின்றன.

அவ்வளவுதான் கதை. ஆனால் அந்தத் தலைக்கவசம் கதை முழுக்க மூடியிருந்ததால், அதுவரை அவரை வெள்ளையராகவே நினைத்துப் படித்தோம் என்பது கடைசிக் கட்டத்தில் உறைக்கிறது. மாட்டிக்கொள்வது ரோபோக்கள் அல்ல, வாசகர். மாயாவியின் முகமூடிக்குள் யார் வேண்டுமானாலும் இருக்கலாம் என்று நம்பி விளையாடிய எனக்கு, தலைக்கவசத்துக்குள் யார் வேண்டுமானாலும் இருக்கலாம் என்று தோன்றவில்லை.

இந்தக் கதைக்குப் பின்கதை உண்டு. படக்கதைகள் பிள்ளைகளைக் கெடுக்கின்றன என்று அமெரிக்காவில் எழுந்த கூச்சலில், 1954இல் பதிப்பாளர்கள் தாங்களாகவே ஒரு தணிக்கை அமைப்பை ஏற்படுத்திக்கொண்டார்கள். இதே கதையை மறுபதிப்பு செய்ய முனைந்தபோது, அந்த அமைப்பின் தலைவர் சார்ல்ஸ் மர்ஃபி, அந்த மனிதர் கறுப்பராக இருக்கக் கூடாது என்றார். பதிப்பாளர் பில் கெயின்ஸ் பணியவில்லை. வழக்குப் போடுவேன், பத்திரிகைகளைக் கூட்டுவேன் என்று நின்றார். 1956 தொடக்கத் தேதியிட்ட இதழில் கதை அப்படியே வந்தது. பஸ்ஸின் பின்வரிசைக்கு எதிராக மான்ட்கோமரி நகரத்துக் கறுப்பர்கள் பஸ்ஸையே புறக்கணித்து நடந்துகொண்டிருந்த மாதங்கள் அவை. ஈசி நிறுவனம் வெளியிட்ட கடைசிப் படக்கதை இதழும் அதுதான்.

நல்ல நோக்கத்தோடு பிள்ளைகளைக் காக்க வந்த அமைப்பு, இந்தக் கதையில் கை வைத்த இடம் அந்த மனிதரின் நிறம். அங்கேயும் ஒரு திருத்தும் கை. அதுவும் தன் கண்ணுக்குக் குத்தியதை மட்டும்தான் பார்த்தது.

*

2017 மார்ச் கடைசியில் டெல்லிக்குப் பக்கத்தில் கிரேட்டர் நொய்டாவில் ஒரு பையன் இறந்துபோனான். அக்கம்பக்கத்திலிருந்த நைஜீரிய மாணவர்கள் மீது சந்தேகம் திரும்பியது. அவர்கள் நரமாமிசம் தின்பவர்கள் என்று வதந்தி பரவியது. ஒரு வணிக வளாகத்தில் நைஜீரிய மாணவர்களைக் கும்பல் நாற்காலிகளாலும் கம்புகளாலும் அடித்தது. காணொளியில் உலகமே பார்த்தது.

ஒரு படக்கதை ஒரு கும்பலை உருவாக்கியது என்று நான் சொல்லமாட்டேன். உலகம் அவ்வளவு எளிது இல்லை. ஆனால் கொதிக்கும் அண்டா, சுற்றி ஆடும் கறுப்பர்கள், உள்ளே கட்டிப்போட்ட வெள்ளைக்காரர் என்ற நகைச்சுவைப் படத்தை நம்மில் யார் பார்க்கவில்லை? வார இதழ்களின் துணுக்குப் பக்கத்தில் அது வழக்கமான சரக்கு. நானும் சிரித்திருக்கிறேன்.

ஆப்பிரிக்கத் தூதர்கள் கூட்டாக இதை இனவெறி என்றார்கள். இந்திய அரசு ஏற்கவில்லை. அந்த நேரத்தில் நாடாளுமன்ற மேலவையின் முன்னாள் உறுப்பினர் தருண் விஜய் ஒரு தொலைக்காட்சி விவாதத்தில், நாங்கள் இனவெறியர்களாக இருந்தால் தென்னிந்தியர்களோடு ஏன் சேர்ந்து வாழ்கிறோம், எங்களைச் சுற்றிக் கறுப்பர்கள் இருக்கிறார்களே என்ற பொருளில் பேசினார். தமிழர், மலையாளி என்று பெயர் சொன்னார். எதிர்ப்பு கிளம்பியது, மன்னிப்புக் கேட்டார்.

அவர் தமிழ்நாட்டுக்கு அன்னியர் அல்ல. வடக்கே திருக்குறளைப் பரப்ப வேண்டும் என்று குரல் கொடுத்தவர். ஹரித்வாரில் திருவள்ளுவர் சிலை வைக்க 2016இல் முனைந்து, இங்கே மாலை மரியாதை பெற்றவர். அவர் பேச்சில் நான் கேட்டது வெறுப்பை அல்ல. ஆச்சியின் குரலை. 'தெருவுக்குள்ள வர விட்டிருக்கோம்லா?'

குறளில் பொறையுடைமை என்று ஒரு அதிகாரம் இருக்கிறது. தன்னைத் தோண்டுகிறவரையும் நிலம் தாங்குவதுபோல என்று அது தொடங்குகிறது. எத்தனையோ தடவை ஒப்பித்திருக்கிறேன். ஆனால் யார் பொறுக்கிறார் என்பதை அப்போதுதான் கவனித்தேன். பொறுப்பது தோண்டப்படும் நிலம். வலிக்கிறவர் பொறுத்துக்கொள்கிறார், அது அவருடைய பெருமை. நம் அரசியல் பேச்சில் இது தலைகீழாகிவிட்டது. மண்வெட்டியைப் பிடித்திருப்பவரே 'நான் எவ்வளவு சகித்துக்கொள்கிறேன் பார்' என்கிறார்.

அந்த வாரம் தமிழ்நாட்டில் எழுந்த கோபத்தையும் சொல்லிவிட வேண்டும். 'எங்களைக் கறுப்பர் என்பதா' என்று கொதித்தோம். நானும் கொதித்தேன், எழுதினேன். எழுதியதை இப்போது எடுத்துப் பார்த்தால் அடிபட்ட நைஜீரிய மாணவர்களைப் பற்றி அதில் ஒரு வரி இருக்கிறது. மீதி முழுக்க எங்களைப் பற்றி. கறுப்பர் என்பது வசை என்று ஒப்புக்கொண்டுதான் அந்தக் கோபமே பட்டிருக்கிறது. பெங்காலாவை டெங்காலி ஆக்கிவிட்டால் போதும் எங்களுக்கு. பந்தர் பந்தராகவே இருக்கட்டும்.

*

அப்படியானால் இந்தப் புத்தகங்களை என்ன செய்வது? காங்கோவில் பிறந்து பெல்ஜியத்தில் வாழ்ந்த ஒருவர், டின்டின் காங்கோ போகும் கதைக்கு எதிராக 2007இல் சட்டத்தின் கதவைத் தட்டினார். 2012இல் பெல்ஜிய நீதிமன்றம் தடை விதிக்க மறுத்தது. அந்தக் கதையையும் அதன் ஆசிரியர் எர்ஜே 1946 வண்ணப் பதிப்பில் திருத்தியிருந்தார். காங்கோ பிள்ளைகளுக்கு 'உங்கள் தாய்நாடு பெல்ஜியம்' என்று டின்டின் நடத்திய பாடம் கணக்குப் பாடமாக மாறியது. பிள்ளைகளின் படம் மாறவில்லை. தடை செய்வதில் எனக்கும் நம்பிக்கை இல்லை. சத்தமில்லாமல் திருத்துவதில் அதைவிடக் குறைவு. தடை செய்தால் புத்தகம் போகும். திருத்தினால் சாட்சியம் போகும்.

வாசகர் வெறும் பாத்திரம் அல்ல என்பதற்கும் சாட்சி இருக்கிறது. பப்புவா நியூ கினியின் மலைப்பகுதியில் 1980களில் இனச்சண்டைகள் மீண்டும் மூண்டபோது, வாகி பள்ளத்தாக்கின் வீரர்கள் தங்கள் கேடயங்களில் மாயாவியின் உருவத்தை வரைந்துகொண்டார்கள். சாவில்லாதவர், அம்பு படாதவர் என்பதால். அந்தக் கேடயங்கள் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. லீ ஃபாக்கின் கதையில் மாயாவியைப் பார்த்து நடுங்க வேண்டியவர்கள், மாயாவியைத் தங்களுக்கு எடுத்துக்கொண்டார்கள். எங்கள் தெருவில் சோடா மூடி மோதிரம் போட்ட கறுப்புப் பையன்களும் ஏறக்குறைய அதையேதான் செய்தோம். அந்த மகிழ்ச்சி பொய்யில்லை, அதை நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். ஆனால் எங்களில் ஒருவனுக்கு அந்த மோதிரத்தை நாங்கள் ஒருநாளும் கொடுக்கவில்லை. அதற்கு லீ ஃபாக் மீது பழி போட முடியாது. விளையாட்டின் விதியை அமைத்தது நாங்கள். அதற்கான சரக்கு சாதியிலிருந்து வந்தது. படக்கதை அதற்கு ஒரு பெயரும் ஒரு வேஷமும் கொடுத்தது.

இப்போது என் மகள் அந்தப் பெட்டியைக் கிளற ஆரம்பித்திருக்கிறாள். நான் தடுப்பதில்லை. கூட உட்கார்ந்துகொள்கிறேன். "இதுல யாருக்குப் பேரு இருக்கு, யாருக்கு இல்ல, எண்ணிப் பாரு" என்று மட்டும் சொல்வேன். ஒரு இதழ் முழுக்க எண்ணிவிட்டு, "நாய்க்குக்கூடப் பேரு இருக்குப்பா" என்றாள்.

கல்யாண வீட்டில் அவன் கேட்டதற்கு இன்னும் நான் பதில் சொல்லவில்லை. மாண்ட்ரேக் புத்தகங்களைத் திரும்பப் படித்தபோது, லொதார் இளவரசன் என்று சொல்லும் கட்டம் வருகிற ஒரு இதழ் கிடைத்தது. முன்னட்டையில் என் கையெழுத்து, பக்கத்தில் ஐந்தாம் வகுப்பு என்று எழுதியிருக்கிறேன். அந்த வயதில் ஒரு காமிக்ஸை ஏழெட்டுத் தடவையாவது படிக்காமல் விட்டதில்லை. அப்படியென்றால் எனக்குத் தெரியும். லொதார் ராஜா என்று எனக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. அவனிடம் சொல்லத் தோன்றவில்லை, அவ்வளவுதான். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அந்த இதழை எடுத்துக்கொண்டு போகலாம் என்றிருக்கிறேன். இந்தத் தடவை அவன் வீட்டுக்கு.